பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டிக்கரும் பேட்ஜும்: ஒட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டிக்கர் ஒட்டினால் வண்டி மலிவாகத் தெரியும் என்று ஒரு கட்சி. எதுவுமே இல்லாமல் வெறும் பெயின்ட் மட்டும் இருந்தால் மொட்டையாக இருக்கிறது என்று இன்னொரு கட்சி. முதன்முதலாக 60-களின், 70-களின் காரை வாங்கியவர் இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். இரு தரப்பும் ஸ்டிக்கர் எவ்வளவு பெரியது, எத்தனை நிறம் என்பதையே பேசுகின்றன. என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி.

பான்டியாக் ஃபயர்பேர்ட் டிரான்ஸ் ஆம் காரை எடுத்துக்கொள்ளுங்கள். பானட் முழுவதையும் அடைத்துக்கொண்டு சிறகு விரித்து நிற்கும் பறவை. அதைவிடப் பெரிய ஸ்டிக்கர் எந்தத் தொழிற்சாலைக் காரிலும் வந்திருக்குமா என்பது சந்தேகம். அந்தக் காரில் அது அழகு. 80-களின் சாதாரண பிஎம்டபிள்யூ 318ஐ ஒன்றின் டிக்கியில், அதே வரிசையின் வேகமான மாடலான எம்3-இன் பேட்ஜை விரல் நீளத்துக்கு ஒட்டியிருந்தால் அது கண்ணை உறுத்துகிறது. பறவை அந்த வண்டிக்காகவே வரையப்பட்டது. எம்3 பேட்ஜ் அந்த வண்டியில் இல்லாத எஞ்சினைப் பற்றிப் பேசுகிறது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். ஒட்டப்போவது உண்மையைச் சொல்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பெரியதா சிறியதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: வண்டி எப்படிப் பிறந்தது என்று கண்டுபிடியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், எதையும் பிய்ப்பதற்கு முன், உங்கள் கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது அதில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்குத் தாள்கள் உண்டு. 1967 முதல் வந்த ஃபோர்டு மஸ்டாங் என்றால் மார்டி ரிப்போர்ட் வாங்கலாம். அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு என்ன ஆப்ஷன்கள் ஆர்டர் செய்யப்பட்டன என்று அதில் இருக்கும். பான்டியாக் கார்களுக்கு, அவற்றின் பழைய தொழிற்சாலைப் பதிவுகளைத் தரும் பிஎச்எஸ் ஆவணங்கள். எம்ஜி, டிரையம்ஃப் போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. 80-களின் போர்ஷே 911 என்றால் முன் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆப்ஷன் எண்கள் அச்சிட்ட சின்னத் தாள் ஒன்று அங்கே ஒட்டியிருக்கும்.

இந்த வேலையைச் செய்யாமல் நேரே கடைக்குப் போகிறவர்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். முந்தைய உரிமையாளர் ஒட்டியதைத் தொழிற்சாலைச் சரக்கு என்று நம்பிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவது ஒன்று. நிஜமான தொழிற்சாலைப் பட்டையை யாரோ ஒட்டிய குப்பை என்று நினைத்துக் கிழித்துப்போடுவது இன்னொன்று. இரண்டாவதுக்குப் பரிகாரம் கிடையாது. ஐம்பது வருஷம் வெயிலில் காய்ந்த அசல் வினைலை, அதாவது ஸ்டிக்கர் செய்யும் பிளாஸ்டிக் தாளை, எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

1965 ஷெல்பி ஜிடி350 இதற்கு நல்ல உதாரணம். வெள்ளை உடம்பில் நடுவே ஓடும் இரண்டு அகலமான நீலப் பட்டைகள் இல்லாமல் அந்தக் காரை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் அந்த நடுப்பட்டைகள் அப்போது விருப்பத் தேர்வுதான். கதவுக்குக் கீழே ஜிடி350 என்று எழுதிய பக்கவாட்டுப் பட்டைதான் எல்லா வண்டியிலும் வந்தது. நடுப்பட்டை இல்லாத ஜிடி350-ஐப் பார்த்து, "என்னமோ குறைகிறதே" என்று பட்டை போட்டுவிட்டால், அரிதாக இருந்த ஒன்றைப் பொதுவானதாக மாற்றிவிடுகிறீர்கள்.

இரண்டாவது: அந்த ஸ்டிக்கர் என்ன சொல்கிறது?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். கார் ஸ்டிக்கர்களில் பல ஏதோ ஒரு பந்தயத்திலிருந்தோ, ஒரு மனிதரிடமிருந்தோ வந்தவை. வாங்குகிறவருக்கு அது தெரிந்திருந்தால் போதும், பல தவறுகள் தானாகவே நின்றுவிடும்.

ஆல்ஃபா ரோமியோவின் குவாட்ரிஃபோலியோ என்ற நாலு இலைப் பச்சைச் சின்னத்தைப் பாருங்கள். உகோ சிவோச்சி என்ற ஓட்டுநர் 1923 தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் வெள்ளைச் சதுரத்துக்குள் அந்த இலையை வரைந்துகொண்டு போய் ஜெயித்தார். அதே வருஷம் செப்டம்பரில் மோன்சாவில் புது பி1 காரைச் சோதித்துப் பார்க்கும்போது விபத்தில் இறந்தார்; அந்தக் காரில் இலை இன்னும் வரையப்படவில்லை. அதற்குப் பிறகு ஆல்ஃபா சதுரத்தை விட்டுவிட்டு முக்கோணத்துக்கு மாறியது. இழந்த ஒருவருக்காக ஒரு மூலை குறைந்தது. 1963-இல் ஜியூலியா டிஐ சூப்பர் இந்த இலையோடு சாலைக்கு வந்தது. இணையத்தில் சில ரூபாய்க்கு விற்கும் அந்த முக்கோணத்தின் பின்னால் இவ்வளவு இருக்கிறது. சாதாரண ஜியூலியாவில் ஒட்டக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எதற்காக ஒட்டுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

கதவில் எழுதும் பந்தய எண்ணும் அப்படியே. 1955 மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்ட, டெனிஸ் ஜென்கின்சன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆரின் எண் 722. அவர்கள் புறப்பட்ட நேரம் காலை 7:22. அந்தப் பந்தயத்தில் புறப்படும் நேரமே வண்டியின் எண். அந்த 722-ஐ எந்த மெர்சிடிஸிலும் ஒட்டிக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்காது. அது ஒரு குறிப்பிட்ட காலைக்குச் சொந்தமான எண். உங்கள் காரில் எண் வட்டம் வேண்டுமென்றால், நீங்கள் கலந்துகொண்ட ஹில் கிளைம்ப் என்ற மலைப்பாதைப் பந்தயத்திலோ ரேலியிலோ கொடுத்த எண்ணைப் போடுங்கள். அது எந்த வண்டிக்கும் பொருந்தும், யாரும் குறை சொல்ல முடியாது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் வளைந்த கோட்டை டிக்கியில் ஒட்டுவதற்கும் இதே விதி: அங்கே ஓட்டியவர் ஒட்டலாம்.

அடுத்து, எஞ்சினையோ மாடலையோ சொல்லும் பெயர்கள். போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 பாரிஸ் கண்காட்சியில் 1972-இல் வந்தபோது, பந்தய அனுமதிக்கு 500 கார்கள் செய்தால் போதும் என்று இருந்தார்கள். கடைசியில் 1,580 செய்தார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கதவின் அடியில் ஓடும் கரேரா எழுத்துதான் அதன் முகவரி. வெள்ளை வண்டியில் சிவப்பு, நீலம், பச்சை என்று எழுத்து எந்த நிறமோ, சக்கரத்தின் நடுப்பகுதியும் அதே நிறம். இன்று சாதாரண 911-களில் அதிகமாகப் பிரதி எடுக்கப்படும் எழுத்தும் இதுதான். பின்னால் வாத்து வால் ஸ்பாய்லர், அகலமான பின் ஃபெண்டர், சரியான சக்கரம் எல்லாம் சேர்த்து, "இது ஆர்எஸ் அல்ல, ஆர்எஸ் மாதிரி கட்டியது" என்று வெளிப்படையாகச் சொல்லும் வண்டியில் அந்த எழுத்து எனக்கு உறுத்துவதில்லை. குறுகிய உடம்பு, ஸ்பாய்லர் இல்லை, எழுத்து மட்டும் இருக்கிறது என்றால் அது தனியாகத் தொங்குகிறது.

ஃபெராரியின் ஃபெண்டரில் வரும் கேடய வடிவ மஞ்சள் சின்னமும் இந்த வகைதான். எஃப்355 காலத்தில் அது ஆப்ஷனாகக் கிடைத்தது. அதற்கு முந்தைய 308 மாடலில் தொழிற்சாலை அதை வைக்கவில்லை. முன் சக்கரத்துக்குப் பின்னால், கீழே, காரை வடிவமைத்த பினின்ஃபாரினா நிறுவனத்தின் சின்ன அடையாளம் மட்டும் அடக்கமாக இருக்கும். அதன் தலைக்கு மேல் பளிச்சென்று ஒரு மஞ்சள் கேடயத்தை ஒட்டியதும், அந்த ஃபெண்டரின் நீண்ட அமைதியான வளைவு காணாமல் போகிறது. 308 வாங்கியவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதை மட்டும்தான்: ஒட்டாதீர்கள்.

பெயரைக் கூட்டுவதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. ஜெர்மனியில் மாடல் எண்ணே இல்லாமல் காரை ஆர்டர் செய்யும் வசதி பல வருஷமாக இருக்கிறது. பெரிய எஞ்சின் வாங்கியவர்களே எண்ணை எடுத்துவிடச் சொல்வார்கள். பழைய பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் கூபேக்களில் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்று முடிவுகட்டி உடனே பேட்ஜ் வாங்காதீர்கள். முதலில் தாளைப் பாருங்கள்.

ஸ்டிக்கர் பேசும் தொனியும் முக்கியம். 1973-இல் அறிமுகமானபோது பிஎம்டபிள்யூ 2002 டர்போவின் முன் ஸ்பாய்லரில் பெயர் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றி எழுதப்பட்டிருந்தது. முன்னால் போகிறவர் தன் ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தால் நேராகப் படிக்கலாம். அதாவது, வழி விடு. அது ஜெர்மனியில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. இன்று அந்தக் காரில் அது வரலாறு, மதிப்பு. வேறு காரில் அதே வித்தையைச் செய்தால் வெறும் அதட்டல்தான்.

மூன்றாவது: உடம்பின் கோட்டைப் படியுங்கள்

உண்மைப் பரீட்சையில் தேறியதெல்லாம் அழகாக இருந்துவிடாது. வண்டியை வெறும் சமதளத்தில் நிறுத்தி, பத்து மீட்டர் தள்ளிப் போய்ப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஃபெண்டரிலிருந்து கதவு வழியாகப் பின்பக்கம் வரை ஒரு மடிப்போ வளைவோ ஓடும். நல்ல பட்டை அதோடு சேர்ந்து ஓடும். அல்லது தெளிவாக விலகி நிற்கும். இரண்டும் இல்லாமல் மடிப்பைக் குறுக்கே வெட்டினால் வண்டி இரண்டு துண்டாகத் தெரியும்.

1969 மஸ்டாங் பாஸ் 302-ஐப் பார்த்தால் இது சட்டென்று புரியும். லாரி ஷினோடா வரைந்த அந்த சி வடிவப் பட்டை ஃபெண்டரின் முன்பகுதியில் நிமிர்ந்து தொடங்கி, மடங்கி, உடம்பின் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகும். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வினைல் என்பதால் இரவில் ஹெட்லைட் பட்டால் மின்னும். பார்க்க ஆடம்பரம், ஆனால் ஒரு அங்குலம்கூட வீணாக இல்லை. டிரான்ஸ் ஆம் பறவையும் அப்படியே. பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. 1973-இல்தான் பெரிய பறவை 55 டாலர் ஆப்ஷனாக வந்தது. அகலமான, தட்டையான பானட்டும், நடுவில் எழும்பி நிற்கும் காற்றுத் துளையும் இருப்பதால் சிறகுகளுக்கு இடம் கிடைத்தது. அதே பறவையை ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் குறுகிய மூக்கில் யோசித்துப் பாருங்கள். சிறகு மடிந்து ஃபெண்டரில் வழியும்.

நிறத்துக்கு ஒரு எளிய வழி: ஸ்டிக்கரின் நிறம் வண்டியில் வேறு எங்காவது ஏற்கனவே இருக்க வேண்டும். சக்கரம், சீட், கிரில் ஓரம், ஏதாவது. கரேரா ஆர்எஸ்ஸில் எழுத்தும் சக்கரமும் பேசிக்கொள்வது இதனால்தான்.

வெள்ளையும் நீலமும் அமெரிக்கப் பந்தய நிறங்கள். 1951-இல் அமெரிக்கரான பிரிக்ஸ் கன்னிங்ஹாம் ஃபிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு இரட்டை நீலப் பட்டை போட்ட வெள்ளைக் கார்களைக் கொண்டுபோனார். பச்சை இங்கிலாந்து, சிவப்பு இத்தாலி, நீலம் ஃபிரான்ஸ். சிவப்பு இத்தாலிய காரில் இரட்டை நீலப் பட்டை போட்டால் ஏன் ஏதோ இடிக்கிறது என்பது இதைத் தெரிந்துகொண்டால் விளங்கும்.

முழு பந்தய வேஷம், அதாவது பந்தய அணிகளுக்கு விளம்பரம் கொடுத்த கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் வெளிர் நீலமும் ஆரஞ்சும், மார்டினி மது நிறுவனத்தின் பட்டைகள், டாட்சன் 240இசட்-இல் பிஆர்இ அணியின் சிவப்பு வெள்ளை நீலம், இவற்றில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: போட்டால் முழுசாகப் போடுங்கள். 240இசட்-இல் பிஆர்இ வேஷம் அற்புதமாக இருக்கும். 1970, 1971 இரண்டு வருஷமும் ஜான் மார்ட்டன் அதே மாடலில் அமெரிக்க சாம்பியன்ஷிப் ஜெயித்தார், அதனால் அது அந்த உடம்புக்கே உரியது. கல்ஃப் நிறங்கள் 1968-லும் 1969-லும் லே மானில் ஜெயித்த ஃபோர்டு ஜிடி40-உடையவை. சாம்பல் நிறக் காரின் கதவில் மட்டும் ஒரு கல்ஃப் வட்டம் என்பது எங்கும் சேராத அரைகுறை.

நான்காவது: மாஸ்கிங் டேப் ஒத்திகை

இதைத் தவறவிடாதீர்கள். பெயின்டர்கள் பயன்படுத்தும், எளிதில் உரியும் மாஸ்கிங் டேப்பை வாங்கிப் பட்டையின் ஓரங்களை வண்டியிலேயே போட்டுப் பாருங்கள். எழுத்து என்றால் தாளில் அதே அளவில் அச்சிட்டு, வெட்டி, டேப்பால் ஒட்டுங்கள். அப்படியே புகைப்படம் எடுங்கள்: பக்கவாட்டில், முன் மூலையிலிருந்து, பின் மூலையிலிருந்து. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் நிற மயக்கம் போய் வடிவம் மட்டும் தெரியும். டேப்பை வெயிலில் நாள்கணக்கில் விடாதீர்கள். பசை பெயின்டில் தங்கிவிடும். படத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பாருங்கள். ஒரு வாரம் கழித்தும் பிடித்திருந்தால் சரி.

அளக்கும்போது ஒரு சூட்சுமம். பக்கவாட்டு எழுத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். பழைய ஸ்பிரிங் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். தரையிலிருந்து அளந்து ஒட்டினால் உடம்போடு கோணலாக நிற்கும். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பிலிருந்தோ உடம்பின் மடிப்பிலிருந்தோ அளங்கள். நடுப்பட்டைக்கும் இதே எச்சரிக்கை. கையால் பொருத்திய பழைய கார்களில் பானட் இடுக்கு இருபுறமும் சமமாக இருக்காது. மூக்கில் உள்ள பேட்ஜ்கூடச் சரியான நடுவில் இருக்காமல் போகலாம். முன்னாலிருந்து பின்னால் வரை நூல் கட்டிப் பார்த்து, கடைசி முடிவைக் கண்ணிடம் விடுங்கள்.

உலோக பேட்ஜ்கள்

பழைய பேட்ஜ்கள் பெரும்பாலும் பின்னால் இரண்டு மூன்று ஊசிக்கால்களோடு, தகட்டில் போட்ட துளைக்குள் நிற்பவை. துளை இருக்கிறது என்றால் அங்கே பேட்ஜ் இருந்தது. காணாமல் போயிருந்தால் அதே வருஷத்து பேட்ஜைத் தேடிப் பொருத்துங்கள். எனாமல் பூசிய உண்மையான பேட்ஜுக்கும் பிளாஸ்டிக் மேல் பிசின் ஊற்றிய நகலுக்கும் வெயிலில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். புதிதாக ஒரு பேட்ஜ் வைப்பதற்காகப் பழைய தகட்டில் துளை போட மட்டும் செய்யாதீர்கள். துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களில் எனக்கு மிகவும் பிடித்தது கிரில்லுக்கு முன்னால் போடும் குரோம் கம்பி. அதில் கிளப் பேட்ஜ்களையும், பிரிட்டனின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏ-யின் பேட்ஜையும் திருகி மாட்டுவார்கள். உடம்பில் ஒரு கீறல் விழாது, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம், அந்தக் காலத்துப் பழக்கமும்கூட. ஒரு காலத்தில் ஏஏ பேட்ஜைப் பார்த்தால் சாலையில் நின்ற அதன் ஊழியர் சல்யூட் அடித்தார். அடிக்காவிட்டால் முன்னால் போலீஸ் வேகப்பொறி இருக்கிறது என்று அர்த்தம். கம்பியில் மூன்று பேட்ஜ் அழகு. கம்பி தெரியாத அளவுக்கு அடுக்கினால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றும் குறையும்.

முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற ரேலித் தகடு, பின் கண்ணாடியில் வண்டியை முதலில் விற்ற டீலரின் மங்கிய ஸ்டிக்கர் போன்றவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். அவை அந்த வண்டியின் சொந்தக் கதை.

ஒட்டுவது

வினைலில் இரண்டு ரகம். காஸ்ட் வினைல் மெல்லியது, சுமார் 50 மைக்ரான். வளைவில் படியும், சுருங்காது. காலண்டர்ட் வினைல் கொஞ்சம் தடிமன், விலை குறைவு, வருஷம் போகப் போகச் சுருங்கி ஓரத்தில் கறுப்பு அழுக்குக் கோடு விடும். பழைய காரின் உடம்பில் தட்டையான இடமே குறைவு என்பதால் காஸ்ட் வினைல் கேட்டு வாங்குங்கள். கூர்மையான மூலைகளைக் கொஞ்சம் உருட்டி வெட்டச் சொல்லுங்கள். மூலைதான் முதலில் எழும்பும்.

புதிதாக பெயின்ட் அடித்த வண்டி என்றால் குறைந்தது ஒரு மாதம் பொறுங்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாக வெளியேறாமல் வினைல் மூடிவிட்டால் குமிழ் விழும்.

ஷாம்பு போட்டுக் கழுவி, பழைய மெழுகை எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடையுங்கள். மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு இல்லாத பழைய பெயின்ட்டில் துணியில் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். முதலில் மறைவான மூலையில் சோதியுங்கள். கொளுத்தும் வெயிலில் வேண்டாம், குளிரிலும் வேண்டாம்; நிழலில், 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒட்டுவது நல்லது. ஸ்பிரே பாட்டில் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு பேபி ஷாம்பு விட்டுத் தெளித்தால் ஸ்டிக்கரை நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். நீளமான எழுத்துக்கு நடுவில் குறுக்கே ஒரு மாஸ்கிங் டேப் போட்டுக் கீல் மாதிரி பிடித்துக்கொண்டு, ஒரு பாதியின் பின்தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜி என்ற தட்டையான வழிப்பானால் தண்ணீரைத் தள்ளுங்கள். அப்புறம் மறு பாதி. எழுத்துகளைச் சேர்த்துப் பிடிக்க மேலே ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் டேப்பை உடனே பிடுங்காமல் கொஞ்சம் காயவிட்டு, தட்டையாக மடித்து மெதுவாக இழுங்கள். கதவு இடுக்கில் வெட்ட வேண்டியிருந்தால் பெயின்டின் மேல் பிளேடு வைக்கவே கூடாது. வினைலுக்கு அடியில் போட்டு இழுத்தால் தானே வெட்டும் நூல் டேப் கிடைக்கிறது.

ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். சில நாள் கழுவ வேண்டாம். பிரஷர் வாஷரை ஓரத்துக்கு அருகில் எப்போதும் கொண்டுபோகாதீர்கள்.

எடுப்பது

பிடிக்காத ஸ்டிக்கரை எடுக்க ஹேர் டிரையர் போதும். கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு மூலையை நகத்தாலோ பிளாஸ்டிக் துண்டாலோ கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல் உடம்போடு ஒட்டினாற்போல் தாழ்வாக, மெதுவாக இழுங்கள். மீதிப் பசைக்குத் தார் நீக்கும் திரவம். பசைப் பட்டையில் ஒட்டிய பேட்ஜ் என்றால், சூடுபடுத்திவிட்டு அதன் பின்னால் மீன்பிடி நைலான் நரம்பை விட்டு ரம்பம் போல இழுத்தால் கழன்று வரும். ஊசிக்கால் பேட்ஜை வெளியிலிருந்து நெம்பாதீர்கள். உள்பக்கம் கிளிப் இருக்கும், அதைக் கழற்ற வேண்டும்.

எடுத்த பிறகு அந்த இடத்தில் ஸ்டிக்கரின் வடிவம் நிழல் போலத் தெரியலாம். மூடியிருந்த இடம் வெளுக்கவில்லை, சுற்றியிருந்தது வெளுத்துவிட்டது என்பதுதான் காரணம். பாலிஷ் செய்தால் ஓரளவு குறையும். ஆனால் அது அசல் பெயின்ட் என்றால் முதலில் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள். மெல்லியதாக இருந்தால் நிழலோடு விட்டுவிடுவதே நல்லது, தேய்த்துத் தேய்த்து பிரைமரைக் காட்ட வேண்டாம். கழற்றிய அசல் பேட்ஜையும் அதன் கிளிப்புகளையும் ஒரு கவரில் போட்டு, எந்தப் பக்கம், எந்த இடம் என்று எழுதி, வண்டியின் மற்றக் காகிதங்களோடு வைத்துவிடுங்கள். அடுத்து வாங்குகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.